‘தி ஹேட் யூ கிவ்’ படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஆஞ்சி தாமஸ் எழுதி 2017 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியான இளையோர் நாவல் ‘தி ஹேட் யூ கிவ்’. ஆங்கில இலக்கிய மாணவர்கள், வாசிப்பு வட்டத்தினர், வெளிநாட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத் திகைத்த பெற்றோர் என்று பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டோம். புத்தகத்தை இன்னும் முடிக்காதவர்கள் முதல் ஏழு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு முடிவு வரை பேசியிருக்கிறோம்.

கதை என்ன? ரெண்டு வரியில சொல்லுங்க.

ஸ்டார் கார்ட்டருக்கு 16 வயது. வீடு கார்டன் ஹைட்ஸ் என்ற பகுதியில். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினத்தவர்கள். படிப்பதோ வெள்ளையர் பிள்ளைகள் நிறைந்த வில்லியம்சன் என்ற தனியார் பள்ளியில். ஒரு விருந்திலிருந்து சிறு வயது நண்பன் கலீலின் காரில் திரும்பும்போது, பின்விளக்கு உடைந்திருக்கிறது என்று ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்துகிறார். கையில் ஆயுதம் இல்லாத கலீல் சுட்டுக் கொல்லப்படுகிறான். பக்கத்திலிருந்து பார்த்த ஒரே சாட்சி ஸ்டார்.

இவ்வளவும் இரண்டாம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் 26 அத்தியாயங்கள். மீதி 24-இல் நடப்பது, பார்த்தவள் வாய் திறப்பதா, திறந்தால் யாரிடம், எந்தக் குரலில் என்ற போராட்டம். துப்பாக்கிச் சூட்டுக் கதை என்று எண்ணிப் படிப்பவர்களுக்கு நடுப்பகுதி இழுவையாகத் தெரியும். இது ஒரு சாட்சியின் கதை. அந்தக் கண்ணோடு படித்தால் மளிகைக்கடைக் காட்சிக்கும் கூடைப்பந்துக் காட்சிக்கும் அங்கே என்ன வேலை என்று புரியும்.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? ‘யூ’ மட்டும் ஏன் ஒரே எழுத்து? அச்சுப்பிழையா?

பிழை இல்லை. ராப் பாடகர் டூபாக் ஷகூர் (1971–1996) ‘தக் லைஃப்’ என்று வயிற்றில் பச்சை குத்தியிருந்தார். ‘தக்’ என்றால் ரவுடி. அந்தத் தொடரின் ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் ஒரு விரிவு சொன்னார்: சின்னக் குழந்தைகளுக்கு நீ ஊட்டும் வெறுப்பு கடைசியில் எல்லாரையும் நாசமாக்கும் என்பது அதன் சாரம். ஆங்கிலத் தலைப்பின் நான்கு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘தக்’ (THUG) வரும். ‘யூ’வை மூன்று எழுத்தில் எழுதினால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். தேர்வுத் தாளில் தலைப்பையே ‘திருத்தி’ எழுதிவிடுகிறார்கள், கவனம்.

காரில் கலீல் இதை ஸ்டாருக்கு விளக்குகிறான். பிறகு ஸ்டாரும் அப்பா மேவரிக்கும் அதே வரியைப் பற்றி நீளமாகப் பேசுகிறார்கள். இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதல் இடத்தில் அது ஒரு பாட்டுக்காரர் சொன்ன வாசகம். இரண்டாவதில் வேலை, பள்ளி, போதைப்பொருள், சிறை எல்லாவற்றையும் கோக்கும் நூலாகிவிடுகிறது. தமிழில் ‘நீ தரும் வெறுப்பு’ என்று சொன்னால் பொருள் வரும், ஒளிந்திருக்கும் ‘ரவுடி’ வராது.

இது உண்மையா நடந்ததா?

கார்டன் ஹைட்ஸ், ஸ்டார், கலீல் எல்லாம் கற்பனை. தூண்டுதல் உண்மை. 2009 ஜனவரி 1 அதிகாலை, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ஃப்ரூட்வேல் ரயில் நிலைய நடைமேடையில் ஆஸ்கர் கிரான்ட் என்ற 22 வயது இளைஞரை ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் சுட்டார். குப்புறக் கிடந்தவரைச் சுட்டதைப் பயணிகள் செல்பேசியில் படம் பிடித்தார்கள். அப்போது மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் கல்லூரி மாணவியாக இருந்த ஆஞ்சி தாமஸ் அந்தக் கோபத்தில் ஒரு சிறுகதை எழுதினார். அதுதான் பின்னால் நாவலாக வளர்ந்தது.

ஜார்ஜ் ஃபிளாய்ட் சாவைப் பத்தி எழுதினதுன்னு எங்க நோட்ஸ்ல இருக்கே?

நோட்ஸ் தவறு. கறுப்பினத்தவரான ஃபிளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டது 2020 மே 25. நாவல் அதற்கு மூன்று ஆண்டு முந்தையது. 2020 போராட்டங்களின்போது பலர் இந்தப் புத்தகத்தை மறுபடி தேடிப் படித்தார்கள், அதில் வந்த குழப்பம் இது. நாவலின் காலப் பின்னணி என்று எழுத வேண்டியது 2012 முதல் 2016 வரை கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகளை: டிரேவான் மார்ட்டின் (2012), எரிக் கார்னர், மைக்கேல் பிரவுன், தாமிர் ரைஸ் (மூவரும் 2014), ஃபிலாண்டோ காஸ்டில் (2016). இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிரேவானைச் சுட்டவர் போலீஸ்காரர் இல்லை, குடியிருப்பின் காவல் தன்னார்வலர். 2013-இல் அவர் விடுவிக்கப்பட்டபோதுதான் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ (கறுப்பின உயிர்களுக்கும் மதிப்புண்டு) என்ற முழக்கம் பிறந்தது.

அமெரிக்க வரலாறு தெரியாது. என்னென்ன படிச்சுட்டு வரணும்?

தனிப் பாடமே தேவையில்லை. முன் கேள்வியில் சொன்ன பெயர்கள் போக, மூன்று விஷயங்கள் தெரிந்தால் போதும்.

முதலாவது எம்மெட் டில். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் கடத்திக் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். உலகம் பார்க்கட்டும் என்று சிதைந்த முகத்தோடு அவன் உடலை அம்மா திறந்த சவப்பெட்டியில் வைத்தார். நாவலில் ஒரு நட்பு முறிவது இந்தப் படத்தால்தான். இரண்டாவது, 1966-இல் ஓக்லாந்தில் ஹியூய் நியூட்டனும் பாபி சீலும் கறுப்பினத்தவர் உரிமைக்காகத் தொடங்கிய பிளாக் பேந்தர் கட்சி. மேவரிக் தன் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்யவைத்திருப்பது அவர்களுடைய பத்து அம்சத் திட்டம். போலீஸ் கொடுமைக்கு முடிவு வேண்டும் என்பது அதில் ஏழாவது.

மூன்றாவதை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்: போதைப்பொருள் சட்டம். 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, ஏழைக் கறுப்பினப் பகுதிகளில் புழங்கிய ‘கிராக்’ (கொக்கெய்னின் மலிவான வடிவம்) 5 கிராம் விற்பனைக்கு வைத்திருந்தாலே குறைந்தது 5 ஆண்டு சிறை. வசதியானவர்கள் பயன்படுத்திய தூள் கொக்கெய்னுக்கு அதே தண்டனை கிடைக்க 500 கிராம் வேண்டும். 2010-இல்தான் இந்த 100-க்கு 1 விகிதம் 18-க்கு 1 ஆகக் குறைந்தது. மேவரிக் சிறையிலிருந்த மூன்று ஆண்டு, கலீலின் அம்மா பிரெண்டாவின் அடிமைத்தனம் இரண்டுக்கும் பின்னால் நிற்பது இப்படிப்பட்ட காலம்.

மகளுக்குப் பதின்மூண்டு வயசு. பள்ளிக்கூடத்தில இந்தப் புத்தகம் குடுத்திருக்கினம். வாசிக்க விடலாமோ?

பொதுவாக 14 வயதும் அதற்கு மேலும் என்று சொல்வார்கள். பள்ளியே கொடுத்திருந்தால், வகுப்பில் ஆசிரியர் பேசுவார் என்ற துணை இருக்கிறது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளுங்கள்: கெட்ட வார்த்தைகள் நிறைய, ஒரு சாவு மிக நெருக்கத்தில், ஸ்டாரும் காதலன் கிறிஸும் இருக்கும் சில காட்சிகள், வீட்டுக்குள் அடிக்கும் ஒரு கும்பல் தலைவன்.

முதல் இரண்டு அத்தியாயத்தைப் பிள்ளை படிக்கும் நாளில் நீங்களும் படித்துவிடுங்கள். ஸ்டாருக்கு 12 வயதில் பெற்றோர் சொல்லிக்கொடுத்தது அதில் வரும்: போலீஸ் நிறுத்தினால் கை வெளியே தெரியட்டும், திடீரென்று அசையாதே, கேட்டால் மட்டும் பதில் சொல். அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் இதை ‘அந்தப் பேச்சு’ என்றே சொல்லும். பிள்ளையோடு பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் புத்தகத்தில் இல்லை.

இங்கிலீஷ் கிராமரே தப்பாயிருக்கே? ‘ஹீ பி வொர்க்கிங்’னெல்லாம் வருது.

தப்பில்லை, அது வேறு இலக்கணம். ஆப்பிரிக்க அமெரிக்க ஆங்கிலத்துக்குத் தனி விதிகள் உண்டு என்பதை வில்லியம் லபோவ் போன்ற மொழியியலாளர்கள் 1960களிலிருந்து காட்டிவந்திருக்கிறார்கள். மூன்று விதி தெரிந்தால் முக்கால்வாசி வசனம் புரியும். ‘இஸ்’, ‘ஆர்’ விழுந்துபோகலாம்: ‘ஷீ நைஸ்’. எதிர்மறை இரண்டு தடவை வந்தாலும் பொருள் எதிர்மறைதான்: ‘ஐ டோன்ட் நோ நத்திங்’. ‘ஹீ பி வொர்க்கிங்’ என்றால் இப்போது வேலை செய்கிறான் என்று அர்த்தமில்லை, வழக்கமாகச் செய்வான். ‘தினமும் கடைக்குப் போவான்’ என்று வழக்கத்துக்கு நாம் தனி வடிவம் வைத்திருப்பதைப் போலத்தான்.

ஸ்டார் இந்த மொழியை வீட்டில் பேசுகிறாள், வில்லியம்சனில் விழுங்கிவிடுகிறாள். பள்ளியில் கொச்சை பேச மாட்டாள், கோபத்தைக் காட்ட மாட்டாள், ‘சேரிப் பெண்’ என்று சொல்ல யாருக்கும் காரணம் கொடுக்க மாட்டாள். கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸ் 1903-இல் எழுதிய இரட்டைப் பிரக்ஞை என்ற கருத்தை இங்கே மேற்கோள் காட்டலாம்: தன்னைத் தன் கண்ணாலும் அடுத்தவர் கண்ணாலும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது. இதை நம் பேச்சுத்தமிழ்–எழுத்துத்தமிழ் வேறுபாட்டோடு ஒப்பிடுகிறார்கள், அவ்வளவு பொருந்தாது. அந்த மாற்றம் எல்லாருக்கும் பொது. ஊர்ப் பேச்சைக் கேட்டதும் சாதியையோ வர்க்கத்தையோ கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சி அதை மறைப்பவரின் நிலைதான் ஸ்டாருக்குக் கிட்டே வருகிறது.

எத்தனை நாள்ல முடிக்கலாம்? படிக்கும்போது என்ன குறிச்சு வைக்கணும்?

ஒரு மாதம் தாராளம். நாவலின் ஐந்து பகுதிகளும் சம அளவில் இல்லை என்பதை மறக்காதீர்கள். ‘அது நடக்கும்போது’ என்ற முதல் பகுதியே பாதிக்கு மேல். அடுத்தவை ஐந்து, எட்டு, பத்து, பதின்மூன்று வாரம் கழித்து என்று தாவுகின்றன. ‘வாரம் ஒரு பகுதி’ என்று திட்டமிட்ட வாசிப்பு வட்டங்கள் முதல் வாரத்திலேயே நொண்டுவது இதனால்தான். முதல் பகுதிக்கு இரண்டரை வாரம் கொடுங்கள். அத்தியாயம் ஒன்றையும் இரண்டையும் ஒரே அமர்வில் படியுங்கள். கடைசிப் பகுதியையும் நிறுத்தாமல் படிப்பது நல்லது. அதில் பெரும்பாலும் ஒரே இரவின் வேகம்.

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ஸ்டார் எங்கே இருக்கிறாள், எதிரில் யார், என்ன சொன்னாள், என்ன சொல்லாமல் விட்டாள். அத்தியாயத்துக்கு ஒரு வரி போதும். நான்காவது கட்டம்தான் முக்கியம். காவல் நிலைய விசாரணை, முகத்தை மறைத்துத் தந்த தொலைக்காட்சிப் பேட்டி, வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் கிராண்ட் ஜூரி குழு, கடைசியில் போலீஸ் கார் மேல் ஏறி ஒலிபெருக்கியில் பேசுவது என்று வரிசையாகப் பார்த்தால், மறைத்தவை எப்படிக் குறைந்துகொண்டே வருகின்றன என்று தெரியும். கதாபாத்திரங்களின் குணங்களை மட்டும் பட்டியல் போடுபவர்களுக்குக் கட்டுரை எழுதும்போது கையில் ஒன்றும் இருக்காது.

அந்த மோசமான ‘என்’ சொல் நிறைய வருது. வகுப்புல சத்தமா வாசிக்கலாமா? தமிழ்ல எப்படி எழுதறது?

வாசிக்க வேண்டாம். பாத்திரங்கள் தங்களுக்குள் பேசும்போது அதற்கு ஓர் உறவுமுறைச் சூடு இருக்கிறது. வெளியிலிருந்து சொல்பவர் வாயில் அது வெறும் வசைதான். அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வது பல ஆசிரியர்களின் வழக்கம். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். யாராவது உச்சரித்தபிறகு விதி போட்டால் தகராறுதான் மிஞ்சும். சத்தமாக வாசிக்க வசனம் குறைந்த பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது எளிது.

தமிழில் எழுதும்போது ‘கறுப்பினத்தவர்’, ‘ஆப்பிரிக்க அமெரிக்கர்’ இரண்டும் சரி. பழைய தமிழ்ப் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் ‘நீக்ரோ’ என்று தாராளமாக வரும். இன்று மேற்கோளுக்குள் தவிர வேறெங்கும் வேண்டாம். ‘காப்பிரி’யும் அப்படியே.

கலீல் கஞ்சா, கொக்கெய்ன் வித்தவன்தானே? அப்புறம் எப்படி அவனை அப்பாவிங்கறீங்க?

நாவல் உங்களிடமிருந்து எதிர்பார்த்த கேள்வி இது. செய்தி வாசிப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். விசாரணை அதிகாரிகள்கூட ஸ்டாரிடம் சுட்டவரைப் பற்றிக் கேட்பதைவிடச் செத்தவன் என்ன விற்றான், எந்தக் கும்பல் என்பதையே துருவுகிறார்கள். கார் நிறுத்தப்பட்டது விளக்குக்காக. சுடும்போது சுட்டவருக்குக் கலீலின் தொழில் தெரியாது. அப்படியிருக்க அந்தத் தகவல் சாவுக்கு எப்படி நியாயமாகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

விற்றது உண்மை. ஏன் என்பதை, கும்பலிலிருந்து வெளியேற நினைக்கும் இளைஞன் டிவான்டே சொல்லித்தான் ஸ்டாருக்கே தெரிகிறது: அம்மா பிரெண்டா கும்பல் தலைவன் கிங்கிடமிருந்து திருடிவிட்டதற்கு ஈடுகட்டத்தான். கும்பலில் சேரக் கலீல் மறுத்திருக்கிறான். ஆனால் இறுதிச் சடங்கில் கிங் வந்து சவப்பெட்டியில் சாம்பல் நிறத் துணியைப் போட்டு, அவன் தங்கள் ஆள்தான் என்று பொய் உரிமை கொண்டாடுகிறான். இப்படி இறந்தவனைப் பற்றி எல்லாரும் கதை கட்டுகிறார்கள், சில மாதமாக அவனைத் தவிர்த்துவந்த ஸ்டாரின் மனமும் சேர்த்து. கட்டுரையில் ‘கலீல் நல்லவன்’ என்று நிரூபிக்கப் பாடுபடாதீர்கள். நல்லவனாக இருந்தால்தான் உயிருக்கு மதிப்பு என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும்.

சுட்ட போலீஸ்காரர் பேரைச் சொல்லாம ‘நூத்துப் பதினஞ்சு’ன்னே சொல்றாளே, ஏன்?

ஸ்டார் கண்ணில் பட்டுப் பதிந்த பேட்ஜ் எண் அது. ‘போலீஸ் நிறுத்தினால் பேட்ஜ் எண்ணைப் பார்த்துவை’ என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுட்டவருக்கு பிரையன் குரூஸ் என்று பெயர் உண்டு, அவர் அப்பா தொலைக்காட்சியில் மகனை நல்லவன் என்று கண்கலங்கப் பேசுகிறார். ஆனாலும் ஸ்டாரின் சொல்லில் அவர் எண்ணாகவே இருக்கிறார். வழக்கமாகச் சுட்டவருக்குப் பெயரும் குடும்பமும் கிடைக்கும், செத்தவர் ஒரு வழக்கு எண்ணாகிவிடுவார். இங்கே அது தலைகீழ்.

அப்போ இது போலீசுக்கு எதிரான புத்தகம்தானே?

ஸ்டாரின் மாமா கார்லோஸ் துப்பறியும் அதிகாரி. மேவரிக் சிறையிலிருந்தபோது அவளை வளர்த்தவர். சுட்டவரோடு ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர். முதலில் சக அலுவலருக்காகப் பேசுகிறார், பிறகு அவரைக் கைநீட்டி அடித்து விடுப்பில் அனுப்பப்படுகிறார். புத்தகம் காவல்துறையை ஒரே நிறத்தில் தீட்டவில்லை என்பதற்கு அவரே சான்று. அதேசமயம், ‘ஒருசில கெட்ட போலீஸ்’ என்று சமாதானம் சொல்லவும் அது விடவில்லை. கார்லோஸ் போன்ற நல்லவர் உள்ளே இருந்தும் முடிவு மாறவில்லையே.

எதிர்ப்பு வந்தது உண்மை. 2017 இறுதியில் டெக்சாஸின் கேட்டி பள்ளி மாவட்டம் புத்தகத்தை நூலக அலமாரிகளிலிருந்து எடுத்தது. 2018-இல் தென் கரோலினாவில் ஒரு பள்ளியின் கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் இது இருந்ததை அங்குள்ள போலீஸ் சங்கம் எதிர்த்தது. அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும் ‘அதிகம் எதிர்க்கப்பட்ட 10 புத்தகங்கள்’ பட்டியலில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் இடம்பெற்றது. காரணமாகச் சொன்னவை கெட்ட வார்த்தை, போதைப்பொருள், போலீஸ் எதிர்ப்பு.

கோர்ட் அந்தப் போலீஸ்காரரை விடுதலை பண்ணிடுச்சுன்னு எழுதலாமா?

கூடாது. அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. நீதிமன்ற விசாரணையே நடக்கவில்லை, அப்புறம் விடுதலை எங்கே? நாவலில் முடிவெடுப்பது கிராண்ட் ஜூரி: பொதுமக்களிலிருந்து எடுத்த ஒரு குழு, குற்றவாளியா இல்லையா என்று பார்க்காது, வழக்கு நடத்தும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கூட்டாட்சி அளவில் 16 முதல் 23 பேர். குறைந்தது 12 பேர் ஒப்ப வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் எண் மாறும். நீதிபதி உட்கார்ந்து நடத்துவதில்லை, அரசு வழக்கறிஞர் நடத்துவார். நடவடிக்கை ரகசியம். நம்மூர் நடைமுறையில் இதற்கு நேர் இணை இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதா வேண்டாமா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். ‘வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று கிராண்ட் ஜூரி முடிவெடுத்தது’ என்று எழுதுங்கள்.

ஏன் அப்படி முடிவானது என்று கேட்டால், அதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1989-இல் கிரஹாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: அந்த நொடியில் அங்கே நிற்கும் நியாயமான ஒரு போலீஸ்காரருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க வேண்டும், பின்னால் தெரியவந்ததை வைத்து அளக்கக் கூடாது. கார்க் கதவில் இருந்த தலைவாரும் பிரஷ்ஷைத் துப்பாக்கி என்று நினைத்தேன் என்பது ஒரு வாதமாக நிற்பது இதனால்தான். கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது தாமிர் ரைஸின் சாவிலும் 2015 டிசம்பரில் கிராண்ட் ஜூரி வழக்கு வேண்டாம் என்றே முடிவெடுத்தது.

படம் பார்த்துட்டேன். புத்தகம் வேற படிக்கணுமா?

2018-இல் ஜார்ஜ் டில்மன் ஜூனியர் இயக்கிய படம் நல்ல படம்தான். ஆனால் தேர்வுக்கு அதை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். படத்தில் கலீல் காருக்குள் கைவிட்டு பிரஷ்ஷை எடுக்கிறான், பார்ப்பவருக்கும் ஒரு கணம் பதறும். புத்தகத்தில் அவன் கதவைத் திறந்து ஸ்டாரிடம் நலமா என்றுதான் கேட்கிறான். கேட்டு முடிப்பதற்குள் முதுகுப் பக்கத்திலிருந்து மூன்று குண்டு. பிரஷ் கதவோடு கிடக்கிறது. முன் கேள்வியில் பார்த்த ‘நியாயமான போலீஸ்காரர்’ வாதத்துக்கு இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று யோசியுங்கள்.

டிவான்டே படத்தில் இல்லை. அதனால் கும்பலிலிருந்து வெளியேற நினைக்கும் இளைஞனின் கதையே அதில் போய்விடுகிறது. முடிவில் ஸ்டாரின் குட்டித் தம்பி செகானி துப்பாக்கியைத் தூக்குவது படத்தின் சொந்தச் சேர்க்கை. புத்தகத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

ஹெய்லி விளையாட்டுக்குத்தானே சொன்னா? அவளை இனவெறி பிடிச்சவள்னு சொல்றது ஓவர் இல்லையா?

ஹெய்லியும் மாயாவும் ஸ்டாரின் வில்லியம்சன் தோழிகள். கூடைப்பந்து ஆட்டத்தில் ஹெய்லி ஸ்டாரைப் பார்த்துப் பந்தை வறுத்த கோழியாக நினைத்துக்கொள் என்கிறாள், கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய பேச்சு அது. சீன வம்சாவளியான மாயாவிடம் பண்டிகைக்குப் பூனையா சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். ஸ்டார் பகிர்ந்த எம்மெட் டில் படத்தைப் பார்த்துவிட்டு சமூக வலைதளத்தில் அவளைப் பின்தொடர்வதையே நிறுத்திவிட்டாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் ‘விளையாட்டு’ என்று தப்பித்துவிடலாம். மூன்றையும் அடுக்கும்போதுதான் வடிவம் தெரிகிறது. மாயாவும் ஸ்டாரும் இனிமேல் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை என்று கூட்டணி போடும் காட்சியை அதனால்தான் நாவல் வைத்திருக்கிறது.

‘இனவெறியாளரா’ என்று ஆளுக்கு முத்திரை குத்தும் விவாதத்தில் வகுப்பு நேரம் வீணாகும். சொன்னது சுட்டிக்காட்டப்பட்டபோது அவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள். மன்னிப்பு என்ற பெயரில் அவள் சொல்வதில் தன் வருத்தம் எவ்வளவு, ஸ்டாரின் மேல் சுமத்துவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம். வில்லியம்சன் மாணவர்கள் கலீல் பெயரில் ‘போராட்டம்’ நடத்தி வகுப்பைக் கட் அடிக்கும் காட்சியும் இதே இடத்துக்குச் சேரும்.

சாதியோட ஒப்பிட்டு எழுதினா கூடுதல் மார்க் கிடைக்குமா?

ஒப்பிடலாம், ஆனால் எதை எதோடு என்று தெளிவாக இருக்க வேண்டும். உறுதியான வரலாற்று இணைப்பு ஒன்று இருக்கிறது: மேவரிக் போற்றும் பிளாக் பேந்தர் கட்சியைப் பார்த்துத்தான் 1972-இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே. வி. பவார், ராஜா தாலே ஆகியோர் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியில்தான் தமிழ்நாட்டு விடுதலைச் சிறுத்தைகளின் பெயர் வருகிறது. பத்து அம்சத் திட்டத்தையும் தலித் பேந்தர்ஸ் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒரு நல்ல பத்தி எழுதலாம்.

பலரும் சறுக்குவது, காவல் வன்முறையையும் சாதி ஒடுக்குமுறையையும் ஒன்றாகக் குழைக்கும்போது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகச் சொல்லிக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் சித்திரவதைக்குப்பின் இறந்தபோது, ஃபிளாய்டோடு ஒப்பிட்டுப் பலர் எழுதினார்கள். காவல்துறைக்கு எதிரான மக்கள் கோபம் என்ற அளவில் அது பொருந்தும். நாவலின் நிகழ்வு நடுத்தெருவில், சில நொடியில், நிறத்தைப் பார்த்து எழுந்த பயத்தால் நடப்பது. காவல் மரணம் மூடிய அறைக்குள், மணிக்கணக்கில் நடப்பது. ஒற்றுமையை ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறுபாட்டுக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். ஒப்பீடு கட்டுரையின் கடைசிக் கால்வாசியைத் தாண்ட வேண்டாம். கேள்வி நாவலைப் பற்றியது.

எங்க வகுப்புல ஒரே ஒரு கறுப்பின மாணவன் இருக்கான். அவனைப் பேசச் சொன்னா நல்லாயிருக்குமா?

சொல்லாதீர்கள். ‘உங்க வீட்டிலும் அந்தப் பேச்சு நடந்ததா?’ என்று கேட்டால், வில்லியம்சனில் ஸ்டார் படும் அவதியை நீங்களே உருவாக்கியதாகிவிடும். அவன் பேச விரும்பினால் பேசட்டும். கேள்விகளைப் பாத்திரங்களைப் பற்றியே வையுங்கள். ‘நீயாக இருந்தால்’ என்று தொடங்கும் நடிப்புப் பயிற்சி துப்பாக்கிச் சூட்டுக் காட்சிக்கு வேண்டவே வேண்டாம். அந்த அத்தியாயத்துக்கு முந்தைய நாளே சொல்லிவைத்து, வெளியே போக விரும்புபவர் காரணம் சொல்லாமல் போகலாம் என்று அனுமதி கொடுங்கள். இந்திய, இலங்கைப் பின்னணிப் பிள்ளைகள் ‘நமக்கு இதில் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்குவதும் உண்டு. மாயாவின் பாத்திரத்தை எடுத்துப் பேசினால் அவர்களுக்கும் வழி திறக்கும்.

கடைசியில வர்ற பேர்ப் பட்டியல் எதுக்கு? அவங்க கதையில வரவே இல்லையே?

ஸ்டார் கலீலைப் பற்றிப் பேசிக்கொண்டே போய், இது அவனைப் பற்றி மட்டுமில்லை என்று முதல் பெயர்களாக அடுக்குகிறாள். கற்பனைப் பாத்திரத்தின் வாயில் ஆஸ்கர் முதல் எம்மெட் வரை வரும் அத்தனையும் நிஜ மனிதர்களின் பெயர்கள். ஆஸ்கர், மூன்றாம் கேள்வியின் பதிலில் பார்த்தவர். அயானா, 2010-இல் டெட்ராய்ட்டில் போலீஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது சுடப்பட்ட 7 வயதுக் குழந்தை. கடைசியில் காலம் ஒரே தாவலில் 1955-க்குப் போய் எம்மெட்டில் நிற்கிறது. குடும்பப் பெயர்கள் இல்லாததைக் கவனியுங்கள். ஊரே அறிந்தவர்கள், வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாள். படிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டையும் ஊரையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அரை மணி நேர வேலை.

‘கான்கிரீட் ரோஸ்’ முதல்ல படிக்கணுமா, இது முதல்லயா?

இதுதான் முதலில். ‘கான்கிரீட் ரோஸ்’ 2021-இல் வந்தது. மேவரிக்கின் 17 வயதுக் கதை, காலத்தால் முந்தையது. ஆனால் அதைப் படித்துவிட்டு வந்தால் மேவரிக்கின் கடந்த காலம் இங்கே மெல்லத் திறக்கும் இடங்கள் முன்பே தெரிந்த செய்தியாகிவிடும். அவர் தோட்டத்தில் ஏன் அவ்வளவு ரோஜா வைத்திருக்கிறார் என்ற கேள்வியோடு இதை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.